மோட்டாருக்கு மட்டும் கிடைத்த கிராண்ட்

மலேசியத் தமிழில் ‘கிராண்ட்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நிலம் நம் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் பத்திரம் கிராண்ட். காரோ மோட்டார் சைக்கிளோ நம் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் அட்டையும் கிராண்ட்தான். மலாய்க்காரர்களும் இரண்டையும் ‘கெரான்’ என்றே சொல்கிறார்கள்.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் முதல் வகைக் கிராண்டைக் கையில் தொட்டதே கிடையாது. படுத்த வீடு தோட்டத்துடையது. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்ட துண்டு நிலமும் தோட்டத்துடையது. தீமிதித்த கோயில் நின்ற மண்ணும், செத்தால் புதைக்கும் மண்ணும் தோட்டத்துடையதுதான். இரண்டாம் வகைக் கிராண்ட் மட்டும் 1960களுக்குப் பிறகு மெல்ல அவர்கள் கைக்கு வந்தது. ஒரு சின்ன மோட்டாருக்கான அட்டை. அதில் வண்டி எண், எஞ்சின் எண், உரிமையாளர் பெயர், முகவரி. பேராக் வண்டி என்றால் நம்பர் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும்.

வண்டி வாங்கியவர்களிடம் “வண்டி எப்படி, நம்பி ஓட்டலாமா?” என்று கேட்பது இன்று பெரிய வியாபாரம். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் புது வண்டி வாங்கி 90 நாள் ஆனவர்களிடம் ஓர் ஆய்வும், மூன்று வருடம் ஓட்டியவர்களிடம் இன்னோர் ஆய்வும் நடத்துகிறது. நூறு வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்பது அவர்கள் கணக்கு. விடுமுறைக்குக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் முகாம் டிரெய்லரை வாங்கியவர்கள்கூட அச்சு தாங்குமா, கூரை ஒழுகுமா என்று தங்களுக்குள் விலாவாரியாகப் பேசிக்கொள்கிறார்கள். பால்மரம் சீவியவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கணக்கெடுக்கவில்லை. ஆனால் பதில் தோட்டத்து வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தேட வண்டியின் எஞ்சினைப் பார்த்தால் மட்டும் போதாது, வண்டி யார் பெயரில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

டயருக்குப் பால் கொடுத்தவர்கள்

கதை நடையில்தான் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877இல் கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது.

1888ஆம் ஆண்டில் இரண்டு சம்பவங்கள். அயர்லாந்தில் ஜான் டன்லப் தன் மகனின் சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு ஹென்றி ரிட்லி பொறுப்பாளராக வந்து சேர்ந்தார். மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பால் எடுக்கும் சீவு முறையை உருவாக்கியவர் அவர். டயரும் பாலும் சந்தித்துக்கொண்டபோது மலாயாவின் மலைச்சரிவுகள் ரப்பர் காடாகின. 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. டன்லப் நிறுவனமே மலாயாவில் தோட்டங்களை வாங்கியது. 1920 வாக்கில் உலகத்தின் ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது. அதில் பெரும்பகுதி டயராகியது.

அந்தப் பாலை எடுத்தவர்கள் நடந்தார்கள். விடியற்காலை இருட்டில் பிரட்டுக்கு நடை. பிரட்டு முடிந்து நிரைக்கு நடை. முந்நூறு, நானூறு மரம் சீவி முடித்து, திரும்ப அதே வழியில் பால் எடுத்துக்கொண்டு, காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளி தொங்க ஸ்டோருக்கு நடை. ஈப்போ பட்டணத்தில் ஈயத்தால் பணக்காரரான தவுக்கேகள் கார் வைத்திருந்தார்கள். தோட்டத்தில் துரைக்குக் கார் அல்லது பெரிய மோட்டார் சைக்கிள். கிராணிக்கு ராலே சைக்கிள். தொழிலாளிக்குக் கால். வண்டியின் வரிசையே பதவியின் வரிசையாக இருந்தது.

சக்கர விளிம்பில் வந்த படை

வண்டியின் நம்பகத்தைப் பற்றி பேராக் கற்றுக்கொண்ட முதல் பெரிய பாடம் யுத்தத்தில் வந்தது. 1941 டிசம்பர் 8 அன்று தாய்லாந்தின் தென்பகுதியில் இறங்கிய ஜப்பானியப் படை அந்த மாதக் கடைசிக்குள் ஈப்போவுக்கு வந்துவிட்டது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் சண்டை நடந்தது. ஜப்பானியக் காலாட்படையில் பெரும்பகுதி சைக்கிளில் வந்தது. பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தாலும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கலாம்.

அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான மசனோபு சுஜி பின்னாளில் எழுதிய புத்தகத்தில் இதைப் பற்றிச் சொல்கிறார். யுத்தத்துக்கு முன்பே மலிவான ஜப்பான் சைக்கிள்கள் மலாயாவில் நிறைய விற்பனையாகியிருந்தன. அதனால் உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் சைக்கிள் பழுது பார்க்க ஆள் இருந்தது. வெயிலில் டயர் வெடித்தபோது டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் சக்கர விளிம்பில் ஓட்டினார்கள். ராத்திரியில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டதாம்.

இதில் ஒரு பொறியியல் விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த சைக்கிள் பழுதாகாத வண்டி அல்ல. தினமும் பழுதானது. பழுதானாலும் நிற்கவில்லை. எதிர்த்தரப்பில் லாரிகள் ஏராளம் இருந்தன. ஆனால் சாலை அடைபட்டால் லாரி நின்றுவிடும்.

யுத்தம் முடிந்த பின் அவசரகாலம் வந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு துரைகளின் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். தோட்ட லயங்கள் பல முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. தொழிலாளி பாடுபட்டு வாங்கிய சைக்கிள் வாசலில் நிறுத்திச் சோதிக்கப்பட்டது. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு அரிசி போகிறதா என்று பம்ப்பையும் குழாய்ச் சட்டத்தையும் பார்ப்பார்கள். அதாவது சொந்த வண்டி என்பது சந்தேகத்துக்குரிய பொருள். துரை வண்டிக்குப் பாதுகாப்பு, தொழிலாளி வண்டிக்குச் சோதனை.

டிரெய்லர்

தோட்டத்தில் ‘இழுத்துப்போகும் வண்டி’ என்றால் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லர்தான். பால் டிரம், உரமூட்டை, பிற்பாடு செம்பனைக் குலை எல்லாம் அதில்தான் போகும். ஆட்களும் அதில்தான் போவார்கள். தூரத்து டிவிஷனில் வெளிக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள், பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், தைப்பூசத்துக்குப் போகிற குடும்பம், பிரசவ வலி எடுத்தவள், பிணம். ஒரே பலகை.

இயந்திரமாகப் பார்த்தால் டிரெய்லர் ரொம்ப எளிமையானது. ஓர் அச்சு, இரண்டு அல்லது நான்கு சக்கரம், ஒரு தட்டு, கொக்கியில் ஓர் ஊசி. எஞ்சின் கிடையாது, கியர் கிடையாது. கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சரக்கு ஏற்றுவதற்காகச் செய்தது என்பதால் உட்கார இடமும் இல்லை. பிடித்துக்கொள்ளப் பக்கப் பலகை. பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு வரை தெரியும். காகிதத்தில் கணக்குப் போட்டால் தோட்டத்திலேயே நம்பகமான வண்டி இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் “டிரெய்லர் வருமா?” என்ற கேள்விக்குப் பதில் இரும்பில் இல்லை, ஆபீசில் இருந்தது. டிராக்டர் ஓட்டுபவர் லீவு. டீசல் கணக்கு. குலை ஏற்ற வேண்டியிருக்கு, பிள்ளைங்களை அப்புறம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை தொர இல்ல, கையெழுத்து இல்ல. அச்சு உடைந்து நின்ற நாட்களைவிட அனுமதி இல்லாமல் நின்ற நாட்கள் அதிகமாக இருந்தால், அந்த வண்டி நம்பகமானதா?

பொறியியல் பாடத்தில் நம்பகத்துக்கு ஒரு வரையறை உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நிலைமைகளில், ஒரு பொருள் தன் வேலையைத் தவறாமல் செய்வதற்கான சாத்தியம். ‘குறிப்பிட்ட நிலைமைகளில்’ என்ற சொற்களைத் தேர்வுக்குப் படிக்கும்போது எல்லாரும் தாண்டிப்போய்விடுவோம். ஆனால் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. வண்டி வேறொருவருக்குச் சொந்தம் என்பதும் ஒரு நிலைமைதானே. தொரையின் மனநிலையையும் கணக்கில் சேர்த்தால் டிரெய்லரின் நம்பகம் சட்டென்று கீழே இறங்கிவிடும்.

நூடல்ஸ் பையனின் வண்டி

1956இல் சோய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய பங்காளி தக்கியோ ஃபுஜிசாவாவும் ஐரோப்பா போய்வந்தார்கள். அங்கே ஓடிய சின்ன வண்டிகளைப் பார்த்து, ஜப்பானுக்கு எது சரிவரும் என்று யோசித்தார்கள். நூடல்ஸ் கொண்டுபோகிற பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்ட முடிய வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. 1958 ஆகஸ்டில் சூப்பர் கப் வந்தது. 49 சிசி, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். கிளட்ச் லீவர் இல்லை. சுழற்சி வேகம் கூடும்போது தானே பிடித்து, குறையும்போது தானே விடும் கிளட்ச். கியரை மாற்றக் கால் போதும்.

அன்றைய ஜப்பான் சாலைகளில் பெரும்பாலானவை தார் போடாதவை. அதனால் 17 அங்குலப் பெரிய சக்கரம். சேறு தெறிக்காமலிருக்க முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு. செயினைச் சுற்றி முழு மூடி. பாவாடை கட்டியவர்களும் ஏறுவதற்காகத் தாழ்ந்த நடுப்பகுதி. இந்தப் பட்டியலைத் தோட்டத்துக் கண்ணால் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். செம்மண் பாதை, மழைக்காலச் சேறு, பள்ளம், கைலி, சேலை, கையில் சாமான். தோட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத இரண்டு ஜப்பானியர்கள் தோட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரு வண்டியைச் செய்துவிட்டார்கள்.

அதை இங்கே கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவயதில் வந்து, பஸ் கழுவி, மெக்கானிக் வேலை கற்று, பழைய பஸ்களை வாங்கி விற்று, பஸ் கம்பெனி முதலாளியானவர். 1950களின் கடைசியில் ஜப்பான் போனபோது ஹோண்டாவைப் பார்த்து இங்கே விற்பதற்கான உரிமையை வாங்கினார். எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாத ஒரு பழைய மெக்கானிக்தான் வண்டியைத் தேர்ந்தெடுத்தார் என்பது முக்கியம். எது கெடும், எது கெடாது என்று கையால் அறிந்தவர்.

‘கப்’ என்பதோடு சின்னது என்று பொருள்படும் சீன ‘சாய்’ சேர்ந்து ‘கப்சாய்’ ஆனது. சி50, சி70, பிறகு 1980களில் இஎக்ஸ்5. 1996இல் குருணில் இருக்கும் மோடெனாஸ் தொழிற்சாலையிலிருந்து கிரிஸ் வந்தது. எந்தக் கம்பெனி செய்தாலும் நம் ஆட்களுக்கு எல்லாம் கப்சாய்தான். உலக அளவில் சூப்பர் கப் குடும்பத்தின் உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது. இத்தனை எண்ணிக்கையில் வேறெந்த மோட்டார் வண்டியும் செய்யப்பட்டதில்லை.

ஏன் நல்ல வண்டி?

“அந்தக் காலத்து ஹோண்டா கெட்டே போகாது” என்று எல்லாப் பெரியவர்களும் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். இன்றும் ஓடுகிற 1970ஆம் ஆண்டு சி70ஐத்தான் நாம் பார்க்கிறோம். அதோடு பிறந்து பழைய இரும்புக் கடைக்குப் போன வண்டிகள் நம் கண்ணில் படுவதில்லை. உயிரோடு இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டு ஆயுள் விசாரித்தால் எல்லாரும் நீண்ட ஆயுள்காரர்களாகத்தான் தெரிவார்கள்.

உண்மையில் கப்சாயும் கெட்டது. செம்மண் தூசி காற்று வடிகட்டியை அடைக்கும். பாலை உறைய வைக்கும் திராவகம் சிந்தினால் இரும்பு பொத்துப்போகும். இரண்டு பால் டின்னை இருபக்கமும் கட்டி, பின்னால் ஒட்டுப்பால் மூட்டையை வைத்தால் பின் ஷாக் எத்தனை நாள் தாங்கும்? ஒரு ஆளையும் ஒரு நூடல்ஸ் தட்டையும் சுமக்கச் செய்த வண்டியில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளை, ஒரு கேஸ் தோம்பு போனது. மாட்டுக்குப் புல் கட்டு போனது. சிலர் பக்கத்தில் ஒரு மூன்றாவது சக்கரத்தை ஒட்டவைத்து அதைச் சின்ன லாரியாகவே மாற்றிவிட்டார்கள்.

அப்படியும் ஏன் திருப்தி? இங்கே நம்பகத்தோடு இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டும்: கிடைக்கும் தன்மை. வேண்டிய நேரத்தில் வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா என்பது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு வண்டி 1000 நாளுக்கு ஒருமுறை கெடுகிறது. ஆனால் சாமான் இங்கிலாந்திலிருந்து வர 100 நாள். இன்னொரு வண்டி 100 நாளுக்கு ஒருமுறை கெடுகிறது. அரை நாளில் சரியாகிவிடும். முதல் வண்டி நூற்றுக்கு 91 நாள் கைக்குக் கிடைக்கும். இரண்டாவது வண்டி 99 நாளுக்கு மேல் கிடைக்கும். அடிக்கடி கெடுகிற வண்டிதான் அதிக நாள் கூட இருக்கிறது.

அந்த அரை நாளைச் சாத்தியமாக்கியவை சின்னப் பட்டணத்து மோட்டார் கடைகள். சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பேங், கம்பார், தெலுக் இந்தான் என்று எங்கே போனாலும் எண்ணெய் படிந்த சிமெண்டுத் தரையோடு ஒரு கடை இருக்கும். கடைக்காரர் சீனர், கையாள் பல நேரம் தோட்டத்துப் பையன். அசல் சாமான் விலை கூட என்றால் தைவான் சாமான், அதுவும் முடியாவிட்டால் பழைய வண்டியிலிருந்து கழற்றியது. சம்பளம் வரும்வரை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பையன்களில் சிலர் பிறகு லயத்திலேயே கடை போட்டார்கள். பள்ளிக்கூடம் கைவிட்டவர்களுக்குக் கப்சாய் ஒரு தொழிற்கல்விக்கூடமாக இருந்தது. நாலு சாவியும் ஒரு திருப்புளியும் இருந்தால் எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ளலாம். சொல்லித் தர வாத்தியார் வேண்டாம், கெட்டுப்போன வண்டி ஒன்று போதும்.

எனவே “ஹோண்டா நல்ல வண்டி” என்று ஒரு பெரியவர் சொல்லும்போது அந்த வாக்கியத்துக்குள் ஜப்பான் தொழிற்சாலை, பட்டணத்துச் சீனர் கடை, கடன் நோட்டு, லயத்துப் பையனின் கை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல், யாரிடமும் கையெழுத்து வாங்காமல் ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உதைத்துக் கிளப்பலாம் என்ற நிம்மதியும் இருக்கிறது.

மாதம் பத்து வெள்ளி

தோட்டத்து மக்கள் சொந்தமாக ஒன்றை வைத்திருக்க முயன்ற இரண்டு வழிகள் ஒரே காலத்தில் ஓடின. இரண்டுமே தவணையில்.

யுத்தத்துக்குப் பின் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தோட்டம் துண்டானால் முதலில் போவது தொழிலாளியின் வேலை, கூடவே வீடு. இதற்குப் பதிலாகத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் சுங்கை சிப்புட்காரர். ரப்பர் தோட்டக்காரரின் மகன். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். கட்டினார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கவும் செய்தது. இன்றும் அதன் கையில் தோட்டங்கள் இருக்கின்றன.

இன்னொரு தவணை மோட்டாருக்கு. 1967இல் வாடகைக் கொள்முதல் சட்டம் வந்தது. தவணை தவறிய வண்டியை நினைத்த நேரத்தில் தூக்கிப் போக முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும். மோட்டாரைப் பறிப்பதற்குக்கூட ஓர் ஒழுங்கு எழுதப்பட்டது.

இரண்டையும் நான் ஒன்றோடொன்று மோதவிடவில்லை. கூட்டுறவின் பங்குப் பத்திரம் பெரிய கனவு, அது எல்லாருக்கும் சேர்த்து. மோட்டாரின் கிராண்ட் சின்னது, அது தனக்கு மட்டும். ஆனால் சின்னதுக்கு ஒரு பலம் இருந்தது. அதைத் தினமும் தொட்டுப் பார்க்கலாம். அது இன்றைக்கு ஓடுகிறதா என்று காலையிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் காகிதம் என்றாலே பயம். 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மிச்சமிருந்தவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தார்கள். “நீ யாரு, எந்த ஊரு” என்று கேட்கிற காகிதங்களுக்கு நடுவே “இது உன்னுது” என்று சொன்ன காகிதம் மோட்டார் கிராண்ட் ஒன்றுதான்.

கணக்கின் மறுபக்கம்

இதை ஒரு விடுதலைக் கதையாக மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

தொழிலாளியிடம் மோட்டார் வந்ததும் தோட்டத்துக்கு ஒரு செலவு குறைந்தது. தூரத்து நிரைக்கு ஆள் ஏற்ற டிரெய்லர் வேண்டாம். பெட்ரோல் அவன் காசு, டயர் அவன் காசு, ரோட் டேக்ஸ் அவன் காசு. குத்தகைக்கு ஆள் எடுப்பது பெருகியபோது “மோட்டார் இருக்கா?” என்பது வேலைக்கான தகுதியாகவே ஆனது. நிர்வாகத்தின் கடமை ஓசையில்லாமல் தொழிலாளியின் தோளுக்கு மாறியது. தோட்டப்புறத்துக்கு வெளியிலும் இதே கதைதான். இன்று ஈப்போவில் சாப்பாடு கொண்டுபோகிற பையனும் தன் சொந்த மோட்டாரில், தன் செலவில்தான் ஓடுகிறான். நூடல்ஸ் பையனுக்காகப் பிறந்த வண்டி சுற்றிச் சுற்றி அவனிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, கிராண்டில் இருந்த பெயர் பெரும்பாலும் ஆணின் பெயர். பால்மரம் சீவியவர்களில் பெண்கள் ஏராளம். ஏறி உட்காரச் சேலைக்கு வசதியான வண்டி என்றாலும், அவர்கள் உட்கார்ந்தது பின்னால். 1970களுக்குப் பிறகு ஈப்போவைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் வந்தபோது பையன்கள் மோட்டாரில் போனார்கள். பெண்பிள்ளைகள் பாஸ் கீலாங்குக்காகக் காத்து நின்றார்கள். அதுவும் கம்பெனி வண்டிதான். பழைய டிரெய்லருக்கு இருக்கை வைத்து, விசிறி மாட்டியது மாதிரி.

மூன்றாவது, சாவு. 1973இல் தலைக்கவசம் கட்டாயமானது. அப்படியும் மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். வண்டி எந்த இடத்திலும் பழுதாகவில்லை, ஓட்டியவன் வீடு திரும்பவில்லை. நூறு வண்டிக்கு இத்தனை பிரச்சினை என்று எண்ணும் எந்தக் கணக்கெடுப்பிலும் இது பிரச்சினையாகப் பதிவாகாது. நம்பகம் வேறு, பாதுகாப்பு வேறு. உரிமையாளரின் திருப்தியைக் கேட்பவர்கள் உயிரோடு இருக்கும் உரிமையாளரிடம்தான் கேட்க முடியும்.

தோட்டம் மூடியபோது

1990 வாக்கில் மலேசியா ரப்பரில் முதலிடத்தை இழந்தது. அதற்கு முன்பே பால்மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்துகொண்டிருந்தது. பட்டணத்துக்குப் பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகின. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு இன்னின்ன வசதி இருக்க வேண்டும் என்று 1990இல் ஒரு சட்டமே வந்தது. ஆனால் பல இடங்களில் வீட்டை எடுத்துக்கட்டும் நேரத்தில் தோட்டமே போய்விட்டது. மக்கள் புந்தோங்குக்கும், பட்டண ஓரத்துப் புறம்போக்குக்கும், மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள்.

அப்போது எதை எடுத்துக்கொண்டு போக முடிந்தது? வீட்டை முடியாது. மரத்தை முடியாது. சாமியைச் சில ஊர்களில் எடுத்துப்போனார்கள், சில ஊர்களில் செம்பனைக்கு நடுவே விட்டுவிட்டுப் போனார்கள். மோட்டாரை ஓட்டிக்கொண்டு போனார்கள். பட்டணத்தில் முதல் வேலை தேடியது, பிள்ளையைப் பள்ளியில் விட்டது, பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருடம் ஒருமுறை திரும்பி வந்தது எல்லாம் அதில்தான். தோட்டத்தைத் தாண்டியும் அவர்களோடு வந்த ஒரே பெரிய சொத்து அது.

இன்று கோப்பேங் பக்கம் வார இறுதியில் ஆற்றங்கரைகளில் கூடாரங்கள் நிறைகின்றன. காடும் பழைய தோட்டமும் கலந்த அந்த மண்ணில் ஒரு ராத்திரி தூங்கக் காசு கொடுத்து வருகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இழுத்துப்போகும் வண்டியில் விருப்பத்தோடு ஏறுவதற்கும், வேறு வழியில்லாமல் ஏறுவதற்கும் நடுவே எத்தனை வருடம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

எனக்கு இதில் ஒரு அவசரம் தோன்றுகிறது. தோட்டங்களின் வரலாற்றை எழுத இருப்பவை பெரும்பாலும் கம்பெனி ஆவணங்கள்: எத்தனை ஏக்கர், எத்தனை பவுண்டு ரப்பர், எத்தனை ஆள். தொழிலாளி தன் பெயரில் வைத்திருந்த ஆவணம் அபூர்வம். பழைய மோட்டார் கிராண்ட் அப்படிப்பட்ட ஒன்று. அதில் அவர் பெயர் இருக்கிறது. எந்த வருடம் வண்டி அவர் கைக்கு வந்தது என்று இருக்கிறது. முகவரி என்ற இடத்தில் இன்று வரைபடத்திலேயே இல்லாத ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கலாம். வண்டியை இரும்புக்குப் போடும்போது அதையும் கிழித்துப் போட்டுவிடுகிறோம். ரோட் டேக்ஸ்கூட 2023 முதல் கைப்பேசிக்குள் போய்விட்டது. இனி வருகிறவர்களுக்கு இந்த அட்டை என்னவென்றே தெரியாது.

வீட்டில் தாத்தாவின் இரும்புப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பழைய அடையாள அட்டைக்கும் சாமி படத்துக்கும் நடுவில், எண்ணெய்க் கறையோடு மடித்து வைத்திருப்பார். அதைப் படமெடுத்து வையுங்கள். அவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேளுங்கள். “தாத்தா, மோட்டாரு நல்லா ஓடுச்சா?” அவர் வண்டியைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.